வெயிலில் நெளிந்த பட்டை

கார்க் கதவுகளுக்குக் கீழே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில், ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பட்டை ஓடும். கல் தெறித்து வர்ணம் உரியாமல் அது காக்கும். கார் தரையோடு கொஞ்சம் பதிந்து நிற்பதுபோலவும் காட்டும். அது உடைந்து தொங்கும்வரை காரின் சொந்தக்காரருக்கே அப்படி ஒன்று இருப்பது தெரியாது. இப்படிப்பட்ட பட்டைகள், சக்கரங்களுக்கு மேலுள்ள வளைவுகள், பக்கக் கண்ணாடிகளின் மூடிகள் ஆகியவற்றைக் கொம்பியூட்டரில் வரைவது என் வேலை. இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் இப்படியும் ஒரு வேலை உண்டா என்று இங்குள்ள எங்கள் தமிழ் ஆட்களே கேட்பார்கள். வீடு துப்புரவாக்கும் வேலையும் சமையல் வேலையும்தான் அவர்களுக்குத் தெரியும்.

எங்கள் அலுவலகம் நகரின் சீசா என்ற பகுதியில், ஒரு பழைய களஞ்சியத்தின் மாடியில் இருக்கிறது. அப்போது நாங்கள் ஐந்து பேர். வடக்கே உள்ள ஒரு பெரிய கொம்பனி காரின் வடிவத்தை அனுப்பும். அதற்குப் பொருந்தும் பிளாஸ்டிக் பாகங்களை நாங்கள் வரைந்து திருப்பி அனுப்புவோம். அவர்கள் அச்சுச் செய்து வார்ப்பார்கள். அலுவலகத்தை நடத்துகிறவர் முன்பு ஒரு கார்த் தொழிற்சாலையில் நெடுங்காலம் வேலை செய்தவர். அது மூடப்பட்டதும் இதைத் தொடங்கினார். நாங்கள் எல்லாரும் அவரை இன்ஜெனியேரே என்றுதான் கூப்பிடுவோம். பொறியியலாளர்களை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

என் சிநேகிதி அங்கே வந்து சேர்ந்தது நான் சேர்ந்து மூன்று வருடங்களுக்குப் பிறகு. நாங்கள் இரண்டு பெண்களும் பதினான்கு வயதிலிருந்து ஒரே தொழில்நுட்பப் பாடசாலையில், ஒரே வகுப்பில் படித்தவர்கள். அந்தப் பாடசாலை முழுவதிலும் தமிழ்ப் பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். அவளுடைய ஆட்கள் மன்னார்க் கத்தோலிக்கர். நாங்கள் யாழ்ப்பாணத்துச் சைவக்காரர். அவள் பலெர்மோவிலேயே பிறந்தவள். நான் ஒன்பது வயதில் வந்து இறங்கியவள். அவள் இத்தாலியன் கதைத்தால் பஸ் சாரதிகள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள், அவர்களுடைய சொந்தத் தெருப் பேச்சு அது. நான் கதைத்தால் "நன்றாகக் கதைக்கிறாயே, எங்கே படித்தாய்?" என்று கேட்பார்கள். அந்தப் பாராட்டை நான் வெறுத்தேன். அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

பொறாமை எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்ல என்னால் முடியும். வரைபட வகுப்பில் ஒரு குழாய்ப் பூட்டை மூன்று பக்கமிருந்தும் வரையச் சொன்னார்கள். என் தாளில் ஒரு கோடுகூடப் பிசகவில்லை. அவளுடைய தாளில் ஒரு அளவு விடுபட்டிருந்தது. ஆனால் ஆசிரியர் தூக்கிக் காட்டியது அவளுடைய தாளைத்தான். அந்தப் பூட்டைப் பார்த்தால் கையில் எடுத்துத் திருப்பலாம்போல இருக்கிறது என்றார். எனக்குப் பத்துக்கு ஒன்பது, அவளுக்கு எட்டு. புள்ளி எனக்குத்தான் கூட. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த எட்டுத்தான் வேண்டும் என்று இருந்தது.

பிறகு நான் இயந்திரப் பொறியியல் படித்தேன், அவள் வடிவமைப்புப் படித்தாள். படிப்பு முடிந்ததும் எனக்கு இந்த வேலை கிடைத்தது. அவளுக்கு ஒன்றும் சரிவரவில்லை. கோடையில் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு மீன் உணவகத்தில் தட்டுத் தூக்கினாள். மற்ற மாதங்களில் தாயோடு சேர்ந்து ஒரு பேராசிரியர் வீட்டில் சமைத்தாள். அந்த மூன்று வருடங்களும் எங்கள் சிநேகிதம் மிக நன்றாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தித்தோம். அவள் கால் வலிக்கிறது என்பாள், நான் மனதார இரக்கப்பட்டேன்.

ஒருநாள், உன் அலுவலகத்தில் ஏதாவது இடம் இருக்குமா, ஒருக்கால் கேட்டுப் பார்க்கிறாயா என்று கேட்டாள். கேட்கிறேன் என்றேன். கேட்கவில்லை. இரண்டு கிழமை கழித்து, இப்போதைக்கு ஆள் எடுக்கிற யோசனை இல்லையாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் இன்ஜெனியேரே அந்த நாட்களில் மேற்பரப்பு வரையத் தெரிந்த ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார்.

மூன்று மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை நான் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது ஜன்னலோர மேசையில் அவள் இருந்தாள். அவளுடைய பங்குச் சுவாமியாருக்கு இன்ஜெனியேரேயின் மனைவியைத் தெரியுமாம். சுவாமியார் ஒரு வார்த்தை சொல்ல, இவள் வரைந்தவற்றைக் கொண்டுபோய்க் காட்டினாளாம். என்னை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்பதற்காகத்தான் முன்கூட்டிச் சொல்லவில்லை என்றாள். கட்டிப் பிடித்தாள். நானும் கட்டிப் பிடித்தேன். ஆள் எடுக்கவில்லை என்று நான் சொன்னதை அவள் ஒருபோதும் கேட்கவில்லை. மறந்துவிட்டாளா, மறந்ததுபோல இருந்தாளா என்பது இன்றும் தெரியாது.

எங்கள் வேலையில் ஒரு பாகத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. வெளிப்பக்கம் கண்ணுக்குத் தெரிவது. அதில் வெளிச்சம் தடங்கலில்லாமல் வழிந்து போகவேண்டும். அதைப் பரிசோதிக்கக் கொம்பியூட்டரில் பாகத்தின்மேல் கறுப்பும் வெள்ளையுமாக வரிகளை ஓடவிட்டுப் பார்ப்போம். மேற்பரப்பு எங்கேயாவது பிசகியிருந்தால் வரி நெளியும். உட்பக்கம் காரோடு ஒட்டுவது. அதில் கிளிப்புகள், பலத்துக்கான மெல்லிய விலாக்கள், அச்சிலிருந்து பாகம் கழன்று வருவதற்கான சாய்வு எல்லாம் இருக்கும். ஒரு விலா சற்றுத் தடித்தால்கூட வெளிப்பக்கத்தில் அந்த இடம் குழிந்துவிடும். உட்பக்கம் என் வேலையாக இருந்தது. அவள் வந்ததும் வெளிப்பக்கம் அவளுடையதாயிற்று.

அவள் வரைந்த முதல் சக்கர வளைவில் வரிகளை ஓடவிட்டபோது அலுவலகம் முழுவதும் அவளுடைய மேசைக்கு வந்து நின்று பார்த்தது. ஒரு வரிகூட நெளியவில்லை. இன்ஜெனியேரே ஏதோ சிசிலியன் பேச்சில் சொன்னார், அவளும் அதே பேச்சில் திருப்பிச் சொன்னாள், எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்தப் பகிடி விளங்கவில்லை. நானும் சிரித்தேன். பிறகு என் மேசைக்குப் போய் அந்த வளைவின் உட்பக்கத்தில் பதினொரு கிளிப்புகளை வைத்தேன். அது காரில் நிற்பதே அந்தப் பதினொன்றால்தான். யாரும் வந்து பார்க்கவில்லை.

இரண்டு வருடம் அப்படிப் போயிற்று. அலுவலகத்துக்குக் கீழேயுள்ள கோப்பிக்கடைக்காரர் அவளுடைய கோப்பியை அவள் உள்ளே வரும்போதே போடத் தொடங்கிவிடுவார். வடக்கிலிருந்து அழைப்பு வந்தால் அவளைக் கேட்டார்கள். அவள் என்னிடம் ஒரு குறையும் வைக்கவில்லை. மத்தியானம் இருவரும் சாப்பாட்டைப் பங்கிட்டுத்தான் சாப்பிடுவோம். அவளுடைய அம்மாவின் மீன் குழம்பு எங்கள் வீட்டுக் குழம்பைவிடச் சுவையாக இருக்கும். அதைக்கூட நான் மனதில் எழுதி வைத்துக்கொண்டேன்.

வீட்டில் அம்மா வேறு. அம்மா ஒரு சின்யோராவின், ஓர் இத்தாலிய எசமானியின், வீட்டில் இருபது வருடமாகத் துப்புரவு வேலை செய்கிறார். வீட்டுக்கு வந்து கால் நீட்டி இருந்தால் அவளைப் பற்றித்தான் விசாரிப்பார். அவள் தாய்க்கு வாங்கிக் கொடுத்த சப்பாத்து, அவள் கோவில் திருநாளுக்கு உடுத்த சேலை, அவளுடைய சிரிப்பு. "அந்தப் பிள்ளையைக் கண்டால் மனதுக்கு ஒரு சந்தோஷம்," என்பார். என்னைக் கண்டால் என்ன என்று நான் கேட்டதில்லை.

பிறகுதான் அந்தப் பட்டை வந்தது. புதிய சிறிய கார் ஒன்று. கதவுகளுக்குக் கீழே ஒன்றரை மீற்றருக்கும் கூடிய நீளத்தில் ஒரே துண்டாக ஓடும் பட்டை. இன்ஜெனியேரே எங்களை மேசையைச் சுற்றிக் கூப்பிட்டு வேலையைப் பிரித்தார். பட்டையின் வெளிப்பக்கம், உட்பக்கம் இரண்டையும் அவளே செய்யட்டும் என்றார். பாகம் முழுவதையும் ஒரே ஆள் கையாண்டு பழகவேண்டுமாம். நான் ஐந்து வருடமாக முழுப் பாகம் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தவள். மேற்பரப்பு உன் பக்கம் இல்லையே என்று ஒவ்வொரு முறையும் மறுத்தவர், இப்போது உட்பக்கத்தைத் தூக்கி அவளிடம் கொடுத்தார். என்னிடம், "நீ கடைசியில் ஒருமுறை பார்த்துவிடு," என்றார்.

அன்று பஸ்ஸில் போகும்போது எனக்கு அழுகை வரவில்லை. காய்ச்சல் வருவதற்கு முன் உடம்பு இருக்குமே, அப்படி இருந்தது.

அவள் ஆறு கிழமை உழைத்தாள். சந்தேகம் வரும்போதெல்லாம் என்னிடம் வந்தாள். விலாவின் தடிப்புக் கேட்டாள், சாய்வு எத்தனை பாகை என்று கேட்டாள், கிளிப்புகளுக்கு நடுவில் எவ்வளவு தூரம் விடலாம் என்று கேட்டாள். கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னேன். கேட்காத ஒன்றை நான் சொல்லவில்லை.

ஒரு நீளமான பிளாஸ்டிக் பட்டை வெயிலில் நீளும். இரும்பு அவ்வளவு நீளாது. கறுப்புப் பட்டை நல்ல வெயிலில் நின்றால் ஐந்தாறு மில்லிமீற்றர் தாராளமாக நீண்டுவிடும். அதனால் நடுவில் ஒரு கிளிப்பை மட்டும் இறுக்கமாக வைத்து, மற்ற எல்லாவற்றையும் நீட்டுவாட்டில் வழுக்கவிடவேண்டும். கிளிப் நிற்கும் துளையை வட்டமாக வெட்டாமல் நீளமாக வெட்டினால் போதும். இது உட்பக்கக்காரர்களுக்குக் கைப்பழக்கம். வெளிப்பக்கம் மட்டுமே செய்தவருக்குத் தோன்றாது.

அவள் வேலை முடிந்து கோப்பு என்னிடம் வந்தது ஒரு வியாழக்கிழமை. திறந்து பார்த்தேன். வெளிப்பக்கம் வழக்கம்போல. உட்பக்கமும் சுத்தமாக இருந்தது. நான் சொல்லிக் கொடுத்த எல்லாவற்றையும் அப்படியே செய்திருந்தாள். பட்டையின் இரண்டு முனைகளும் சக்கர வளைவுகளோடு சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி மட்டும் இருக்கவேண்டும் என்று, இரண்டு முனைகளையும் இறுக்கமாகப் பூட்டியிருந்தாள். பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தது. வெயிலில் நீளும் பட்டைக்கு இரண்டு பக்கமும் போக இடமில்லை. நடுவில் பொங்கும்.

ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அளந்து பார்த்தேன். மனதுக்குள் பெருக்கினேன். ஆறு மில்லிமீற்றர் வந்தது. கோப்பை மூடினேன்.

மத்தியானத்துக்கு முன் இன்ஜெனியேரே தன் அறை வாசலில் நின்றபடியே, பட்டையைப் பார்த்தாயா என்று கேட்டார்.

"பார்த்தேன்," என்றேன்.

அவர் பெருவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அது பொய் இல்லை என்று பிறகு பல நாட்கள் எனக்கே சொல்லிக்கொண்டேன். எனக்கு முன்னால் இருந்த மேசையில் அவள் தலையைக் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். சொல்ல ஒரு நிமிடம் போதும். அடுத்த நாளும் சொல்லியிருக்கலாம். மறு கிழமையும் சொல்லியிருக்கலாம், அச்சு வெட்டத் தொடங்க இன்னும் நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் காலையில் இன்று சொல்லலாம் என்று வருவேன். கோப்பிக்கடைக்காரர் அவளைக் கண்டு சிரிப்பார். நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டுவிடுவேன்.

மாதிரிப் பட்டைகள் யூலையில் வந்தன. கொம்பனி ஒரு காரையும் அனுப்பியிருந்தது. வடக்கிலிருந்து இரண்டு பேர் அதைப் பார்க்க வருவதாக இருந்தது. முதல் நாள் பின்னேரம் நாங்களே முற்றத்தில் நிறுத்திப் பட்டையைப் பூட்டினோம். கிளிப்புகள் ஒவ்வொன்றாக டக் டக்கென்று விழுந்தன. இடைவெளி முன்னாலும் பின்னாலும் ஒரே அளவு. இன்ஜெனியேரே முழங்காலில் நின்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு எழுந்து அவளுடைய தோளில் தட்டினார்.

மறுநாள் காலையிலேயே சிரோக்கோ வீசத் தொடங்கியது. தெற்கிலிருந்து வரும் சுடுகாற்று. அது வந்தால் நகரம் ஜன்னல்களை மூடிக்கொண்டு உள்ளே இருக்கும். பத்து மணிக்கே முற்றத்துக் கல்லில் வெறுங்காலோடு நிற்க முடியாது. பதினொரு மணிக்கு அவள் காரைத் துடைக்கவென்று ஈரத் துணியோடு கீழே போனாள். போய் நெடுநேரமாகியும் வரவில்லை. நான் ஜன்னலுக்கு வந்து பார்த்தேன்.

அவள் காரின் பக்கத்தில் குந்தியிருந்தாள். பட்டை இரண்டு இடத்தில் அலைபோல எழும்பி நின்றது. மேலிருந்து பார்க்கவே தெரிந்தது. அவள் உள்ளங்கையால் அதை அழுத்தினாள். அழுத்திய இடம் அமுங்கி, பக்கத்து இடம் எழும்பியது. மறுபடி அங்கே அழுத்தினாள். பிறகு கை சுட்டிருக்கவேண்டும், உதறினாள். அப்போது அண்ணாந்து பார்த்தாள். நான் ஜன்னலில் நின்றேன்.

ஆசைப்பட்டது நடந்துவிட்டது. எனக்கு உள்ளே ஏதோ துள்ளியது. அதை மறைத்து எழுதினால் இதை எழுதுவதில் பயன் இல்லை. அது ஒரு கணம்தான் இருந்தது. பிறகு ஜன்னலைவிட்டு விலகிக்கொண்டேன்.

ஒரு மணிக்கு வடக்கிலிருந்து வந்தவர்கள் ஒரு பெண்ணும் ஓர் ஆணும். அந்தப் பெண்தான் பதவியில் பெரியவர். காரைச் சுற்றி நடந்து வந்து பட்டையின் முன்னால் நின்றார்கள். இன்ஜெனியேரே வெளிறிப் போயிருந்தார். ஏதோ தொடங்கினார். அதற்குள் அவள் முன்னால் வந்து, இது நான் வரைந்தது, இரண்டு முனையையும் பூட்டிவிட்டேன், நீளுவதற்கு இடம் விடவில்லை, பிழை என்னுடையது என்றாள். அந்தப் பெண்மணி எப்படித் திருத்துவாய் என்று கேட்டார். அவள் ஈரத் துணியைக் காரின்மேல் வைத்துவிட்டு, தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டினாள். நடுவில் மட்டும் பூட்டு, மற்றவை வழுக்கட்டும் என்றாள். பதினொரு மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவில் தானாகவே அதைக் கண்டுபிடித்திருந்தாள். நான் அந்த வெயிலில் ஐந்தாவது ஆளாக நின்றேன். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அவளை ஏச வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்மணி அவளோடு சேர்ந்து தரையில் குந்திவிட்டார்.

அவர்கள் போன பிறகு அவள் கை கழுவப் போனாள். அலுவலகத்தின் பின்னால் ஒரு சிறிய சமையலறை உண்டு. நானும் அங்கே போனேன். ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டும் என்ற நினைப்பு. அவள் குழாயைத் திறந்து உள்ளங்கையைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ அளந்தனி," என்றாள்.

எதை என்று கேட்டேன்.

"முனையிலயிருந்து முனைக்கு. அந்த அளவு கோப்பிலயே கிடந்தது. அழிக்க மறந்திட்டாய்."

எப்போது கண்டாய் என்று கேட்டேன்.

"அனுப்புறதுக்கு முதல் நாள்."

"கண்டிட்டு ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?"

அவள் குழாயை மூடினாள். "என்னத்தைக் கேக்க? நீ அளந்து பாத்திருக்கிறாய். பிழையெண்டால் சொல்லியிருப்பாய்தானே. நீ ஒண்டும் சொல்லேல்லை. அப்ப சரியெண்டு அனுப்பினன்."

அவள் குற்றம் சாட்டவில்லை. நடந்ததைத்தான் சொன்னாள். அந்த நேரத்திலும் நான் தப்பியிருக்கலாம். எனக்கும் தோன்றவில்லை என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள், நம்பத்தான் நின்றுகொண்டிருந்தாள். ஆனால் சிவந்துபோன அந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

"எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றேன். "தெரிஞ்சுகொண்டுதான் பேசாமல் இருந்தனான்."

அவள் கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"என்னிலை உனக்கு என்ன கோவம்?"

"கோவமில்லை."

"அப்ப என்ன?"

அவள் பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு, துவாயைக் கொளுவிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை நான் இன்ஜெனியேரேயின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். பிழையைக் கண்டேன், வேண்டுமென்றே சொல்லவில்லை என்று அந்த அளவில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நீ கவனிக்காமல் விட்டாய் என்றுதான் நான் நினைத்திருந்தேன் என்றார். பிறகு, "அப்படியே நினைத்துக்கொண்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்," என்றார். வேலையிலிருந்து நிறுத்துவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அவர், பட்டையைத் திருத்த நான்கு நாள் இருக்கிறது, போய் அவளோடு உட்கார் என்றார்.

அந்த நான்கு நாளும் ஒரே மேசையில் இருந்து வேலை செய்தோம். வேலைக்கு வேண்டிய கதையைத் தவிர வேறு கதை இல்லை. சாப்பாட்டை அவரவர் மேசையில் சாப்பிட்டோம். நான் துளைகளை நீளமாக்கி, எந்தக் கிளிப் எவ்வளவு வழுக்கவேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்தேன். இப்போது முனைகளில் இடைவெளி கூடிவிட்டது, அசிங்கமாகத் தெரிந்தது. அவள் ஒரு முழு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் பட்டையின் முனையை மெல்லியதாக்கி, சக்கர வளைவின் கீழே செதில்போல நுழையவிட்டாள். பட்டை நீண்டாலும் சுருங்கினாலும் முனை உள்ளே ஒளிந்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. நான் பத்து வருடம் இருந்து யோசித்தாலும் எனக்கு அது வந்திருக்காது. தோற்றுப்போனவள்போல அவள் இருக்கவேண்டிய அந்த நான்கு நாளிலும் நான்தான் அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டெம்பரில் கொம்பனியிலிருந்து கடிதம் வந்தது. பட்டை வெயிலில் வைத்துப் பார்த்ததில் தேறிவிட்டது. அதோடு, முற்றத்தில் குந்தியிருந்த அந்தப் பெண்மணி என் சிநேகிதியை வடக்கே தொரினோ நகரத்துக்கு, தங்களுடைய வடிவமைப்புக் கூடத்துக்கே வரச்சொல்லிக் கேட்டிருந்தார். பிழையை ஒப்புக்கொண்டு அதே இடத்தில் வழியும் சொன்ன ஆளைத் தான் அதிகம் கண்டதில்லை என்று எழுதியிருந்தாராம். இன்ஜெனியேரே இதை எல்லாருக்கும் முன்னால் வாசித்தார். வாசித்துவிட்டு என் பக்கம் பார்க்கவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் அவளைத் தொரினோவுக்கு அனுப்பியது. பட்டை நெளியாமல் இருந்திருந்தால் வந்தவர்கள் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இதை யாரிடமும் சொல்லிச் சிரிக்கக்கூட முடியாது. அம்மாவுக்கு விஷயம் கோவிலில் தெரிந்து, வீட்டுக்கு வந்து, "பாத்தியே அவளை," என்றார். நான் முழுவதையும் அம்மாவுக்குச் சொன்னேன், ஜன்னலில் நின்று எனக்குள் துள்ளியதுவரை. அம்மா கேட்டுக்கொண்டே அவரைக்காய் உரித்தார். ஏச்சு விழும் என்று நினைத்தேன். "எனக்கும் அவளின்ரை தாயில எரிச்சல்தான்," என்றார். "அவவுக்கு வாய்ச்ச சின்யோரா நல்லவா." அதன்பிறகு அம்மா அவளைப் புகழ்வது குறைந்தது.

அவள் கப்பலில் புறப்பட்ட நாள் எல்லாரும் துறைமுகத்துக்குப் போனார்கள். நான் போகவில்லை. பல்வைத்தியரிடம் போகவேண்டும் என்று சொன்னேன். அவளுடைய ஜன்னலோர மேசையை இன்ஜெனியேரே எனக்குத் தந்தார். இரண்டு மாதம் கழித்து முதல் முழுப் பாகமும் தந்தார். ஒரு பக்கக் கண்ணாடியின் மூடி, கையளவு. வரிகளை ஓடவிட்டேன். ஒரு மூலையில் நெளிந்தது. மூன்று கிழமை எடுத்துச் சரிசெய்தேன். இப்போது அது தெருவில் ஓடுகிறது. பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. அவள் அதை இரண்டு நாளில் முடித்திருப்பாள்.

அவள் போய்ச் சில வருடங்களுக்குப் பிறகு, கடந்த ஓகஸ்ற்றில், விடுமுறைக்கு வந்தாள். அதற்கு முன்பே தொலைபேசியில் கதைக்கத் தொடங்கியிருந்தோம், பிறந்தநாளுக்கு, நத்தாருக்கு, தைப்பொங்கலுக்கு. முன்புபோல இல்லை, ஆனாலும் கதைத்தோம். ஒரு விடியற்காலை இருவரும் பெல்லெகிரினோ மலைக்கு நடந்து ஏறினோம். மேலே நகரத்தின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் குகைக்கு எங்கள் ஆட்கள், சைவர் கத்தோலிக்கர் என்று பாராமல், நேர்த்தி வைத்து ஏறுவார்கள். அவள் மெலிந்திருந்தாள். தொரினோவில் குளிர், கதைக்க ஆளில்லை, முதல் வருடம் முழுவதும் தன்னைக் கிளிப் வைக்கத்தான் விட்டார்கள் என்றாள். அதைக் கேட்க எனக்குச் சுகமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் சொல்லமாட்டாளா என்று நடந்தேன்.

பாதி மலையில் நின்று தண்ணீர் குடித்தோம். கீழே மொண்டெல்லோக் கடற்கரையில் குடைகள் விரியத் தொடங்கியிருந்தன. அவள் போத்தலை மூடிக்கொண்டே, இப்போது தன் கீழ் ஆறு பேர் வேலை செய்கிறார்கள் என்றாள்.

"உட்பக்கம் பாக்க ஒரு ஆள் தேவை. நான் உன்ரை பேரைத்தான் சொல்லியிருக்கிறன்."

"என்ரை பேரையோ?"

"உன்னைப்போல பாக்கிற ஆள் அங்கை ஒருத்தருமில்லை."

அதில் குத்தல் இருக்கிறதா என்று அவளுடைய முகத்தைப் பார்த்தேன். இருந்ததாகத் தெரியவில்லை. அந்த வேலை நான் படிக்கும் காலத்திலிருந்தே ஆசைப்பட்டது. எங்கள் அலுவலகத்தில் இருபது வருடம் இருந்தாலும் கிடைக்காதது. அவளுடைய ஆறு பேரோடு ஏழாவதாக இருக்கவேண்டும். அவள் வரைந்தவற்றுக்குக் கிளிப் வைக்கவேண்டும். கூட்டங்களில் அவள் பகிடி சொல்ல மற்றவர்கள் சிரிக்கவேண்டும்.

அம்மாவுக்கு முழங்கால் சரியில்லை, தனியே விட்டுவிட்டு வர முடியாது என்றேன். அன்று காலை அம்மா எங்களுக்கு முன்னாலேயே மலை ஏறி முடித்து, மேலே சிநேகிதிகளோடு இருந்தார் என்பது அவளுக்குத் தெரியும். இறங்கி வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

"யோசிச்சுச் சொல்லு," என்றாள். "ஒக்ரோபர் முடியுமட்டும் இடத்தை வைச்சிருப்பினம்."

பிறகு எழுந்து முன்னால் நடந்தாள். நான் சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவதுபோலக் குனிந்து, அவள் ஒரு வளைவு தாண்டும்வரை பின்தங்கினேன். ஒக்ரோபர் முடிய ஒன்பது நாள் இருக்கிறது. இன்னும் பதில் எழுதவில்லை.